பிஞ்சு பறிக்கும் காலம்

கிளை வெட்டும் கத்தரியைக் கொதிக்கும் நீரில் போட்டு, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, இடுக்கியால் எடுத்து உதறிய பிறகுதான் ஊசியம்மா மரத்தின் பக்கம் போவார். ஒரு கிளையை வெட்டி முடித்து அடுத்த கிளைக்குப் போகும்முன் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கத்தரியின் வாயைத் துடைப்பார். "ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போடுவோமா? மரம்னா மட்டும் என்ன இளக்காரம்?" என்று, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வார். வெட்டுவாயில் பசை தடவும்போது அவரை அறியாமலே உதட்டைக் குவித்து ஊதுவார். வார்டில் காயத்துக்கு மருந்து போட்டுப் போட்டு வந்த பழக்கம். மரத்துக்கு எரியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் கோபம் வந்துவிடும்.

முப்பத்தொரு வருடம் பெரிய மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாருக்கு ஊசி எழுதிக் கொடுத்தாலும் சீட்டை எடுத்துக்கொண்டு இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். கை அவ்வளவு லேசு. வாய் அப்படியில்லை. "வலிக்குமா?" என்று கேட்டால் "வலிக்கும்" என்பார். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று பசப்புகிற நர்சுகளை அவருக்குப் பிடிக்காது. "எறும்பு எங்கயாவது ரெண்டு இஞ்ச் ஊசி வச்சிட்டு அலையுதா?" என்பார். குள்ளமான உருவம், வேகமான நடை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. செருப்புச் சத்தம் கேட்டதும் பெரியவர்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடுவார்கள்.

வீட்டின் பின்பக்கம் நாலு கட்டில் போடும் அளவுக்கு ஒரு தோட்டம். அதில் ஒரே ஒரு பீச் மரம், வயது பதினான்கு. அதற்கு அவர் பார்க்கும் வைத்தியத்தில் பாதியைக்கூடத் தன் முட்டிவலிக்குப் பார்த்துக்கொள்வதில்லை. இலை உதிர்ந்து முடிந்ததும் கவாத்து. போன வருடம் வளர்ந்த குச்சியில்தான் இந்த வருடம் காய்க்கும் என்பதால், கிழட்டுக் குச்சிகளைத் தயவில்லாமல் கழித்துவிடுவார். மொட்டு வீங்குவதற்குமுன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்தை அடிப்பார். அதில் பத்து நாள் பிந்திவிட்டால் அந்த வருடம் முழுக்க இலைகள் கொப்புளித்துச் சுருண்டு, மரம் அம்மை போட்ட முகம்போல நிற்கும். கோடையில் அடிமரத்தில் பிசின் வழிந்தால், உள்ளே புழு துளைக்கிறது என்று அர்த்தம். மண்ணில் மண்டியிட்டு, மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்துவார். "உள்ள உக்காந்து திங்கிறியா? வெளிய வாடா துரை!" என்று அந்த நேரத்தில் அவர் பேசுவதைக் கேட்கத் தையல்காரி மதில் பக்கம் வந்துவிடுவாள். பக்கத்து வீடு அவளுடையது. நாள் முழுக்க மெஷினை மிதிக்கிறவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

ஆனால் பிஞ்சு பறிக்கும் நாளில் மட்டும் தையல்காரி மதிலண்டை நிற்க மாட்டாள். பூ கொட்டி, காய் கோலிக்குண்டு அளவுக்குத் திரண்டதும், ஊசியம்மா ஒவ்வொரு குச்சியாகப் பிடித்து, ஒரு சாணுக்கு ஒரு காயை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் திருகி எடுத்துவிடுவார். பத்தில் எட்டு போய்விடும். பச்சைப் பசேலென்று, மேலே மெல்லிய பூனைமுடியோடு, ஒரு குறையும் இல்லாத காய்கள். "எப்படிக்கா மனசு வருது உங்களுக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். "எல்லாத்தையும் விட்டா எல்லாமே நெல்லிக்கா சைஸ்லதான் வரும். கிளையும் தாங்காது. மனசப் பாத்தா மரம் போயிடும்மா" என்றார். இப்படிப் பேசுகிற பெண்ணைக் கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொல்லத்தான் செய்யும். சொன்னது.

கல்நெஞ்சுக்கு வாய்த்த கணவரோ வெண்ணெய். டவுன் பஸ் ஓட்டியவர். தூரத்தில் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் வண்டியை எடுக்கவே மாட்டார். கண்டக்டர் விசில் ஊதி ஊதி வாய் வலித்துப்போய் இறங்கி வந்து திட்டுவார். தாமதத்துக்கு வாங்கிய மெமோக்களை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார், என்னவோ பரிசுச் சான்றிதழ்போல. "ஓடி வர்றவங்களப் பாத்த பிறகு எப்படிம்மா கியர் போடறது?" என்பார்.

பிஞ்சு பறிக்கும்போது இந்த மனிதர் மனைவியின் பின்னாலேயே நடப்பார். "இது இருக்கட்டும்மா. பாவம், இலைக்கடியில ஒளிஞ்சிட்டு இருக்கு பாரு."

"நீங்க உள்ள போய் உக்காருங்க."

"சரி, இந்த ஜோடிய மட்டும் விடேன். ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கு."

"ஒட்டி இருந்தாத்தான் ரெண்டும் அழுகும். நகருங்க."

பதினோரு வசந்தம் இதே வழக்கு நடந்தது. ஒரு தடவைகூட டிரைவர் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு காயைக்கூட அவர் பேச்சைக் கேட்டு விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் ஊசியம்மாவுக்குப் பெருமைகூட இருந்தது. பிற்பாடு அதுவே தொண்டையில் முள்ளாக நின்றது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், இலை உதிரத் தொடங்கிய சமயம், பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவர் குளியலறைச் சுவரில் அப்படியே சரிந்தார். கடைவாய் கோணியதைப் பார்த்த மாத்திரத்தில் நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. முக்கால் மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தார். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் "வேணாம்."

தண்ணீர் கொடுத்தால் "வேணாம்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறப்பார். குளிப்பாட்டினால் "வேணாம்." போர்த்தினால் "வேணாம்", போர்வையை எடுத்தாலும் "வேணாம்." டாக்டர் சொன்னார்: "அதுல அர்த்தம் தேடாதீங்க சிஸ்டர். நாக்கு அதுவா சொல்லுது. எவ்வளவு புரியுது, எவ்வளவு புரியலைன்னு நம்மால சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாததா?" தெரியும். இதே பேச்சை வார்டு வாசலில் நின்று எத்தனையோ பேரின் மனைவிகளுக்கு அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் புருஷன் காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்போது அவருக்கு அது அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

டிரைவரின் கட்டிலைப் பின்னறை ஜன்னலோரம் போட்டார். வீட்டில் தோட்டத்தைப் பார்க்கும் ஜன்னல் அது ஒன்றுதான். மரத்தின் மூன்று பெருங்கிளைகளில் ஒன்று அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. படுத்தவாக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அது பூத்தபோது அறையே இளஞ்சிவப்பாக இருந்தது.

பிஞ்சு திரண்டதும் ஊசியம்மா வழக்கம்போலத் தோட்டத்தில் இறங்கினார். முதல் காயில் விரல் வைத்த நொடி ஜன்னலிலிருந்து "வேணாம்" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தார். டிரைவர் இடது கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கியிருந்தார். அடுத்த காயைத் தொட்டதும் மறுபடி "வேணாம்." கையை எடுத்தார். சத்தமில்லை. தொட்டார். "வேணாம்."

மாத்திரைக்கும் சோப்புக்கும் சொல்லும் அதே சொல்தான். அதே குரல்தான். முப்பத்தொரு வருட நர்ஸ் அதை அறிந்திருந்தார். ஆனால் அந்த நிமிடம் நர்ஸ் எங்கே போனாரோ, தோட்டத்தில் நின்றது ஒரு மனைவி மட்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து உடைந்த குரலில் கூப்பிட்டார்: "தையல்காரி! கேட்டியா? வேணாங்குறாருடி. என் மனுஷன் உள்ளதான் இருக்காரு." உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "சரி. நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஒண்ணகூடத் தொடலை. போதுமா?" என்றார். டிரைவரின் முகத்தில் இயங்கும் பாதி சிரித்தது. சிரித்த மாதிரி இருந்தது.

அந்த வருடம் காய்த்த காய்ப்பு மரம் கொள்ளவில்லை. காயும் காயும் இடித்துக்கொண்டு, இலை தெரியாமல் தொங்கியது. கிளை நாளுக்கு நாள் தாழ்ந்தது. ஊசியம்மா கவைக்கொம்புகளால் முட்டுக் கொடுத்தார், பழைய பேண்டேஜ் சுருள்களால் கிளையை மதிலோடு இழுத்துக் கட்டினார், காலையில் எழுந்ததும் கணவரின் நாடியைப் பார்த்துவிட்டு அடுத்தபடியாகக் கிளையின் கவட்டைத் தடவிப் பார்த்தார். அப்போதும் பறித்திருக்கலாம். தையல்காரிகூட, "நான் வேணா அவர் தூங்கறப்ப வந்து பாதிய எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம். சொன்ன சொல்லு" என்றுவிட்டார்.

கோடை தொடங்கி இரண்டு நாள் விடாத மழை. காய்கள் நீர் குடித்துக் கனத்தன. மூன்றாம் நாள் மதியம், அவர் அடுத்த தெருவில் ஒருவருக்கு இன்சுலின் போடப் போயிருந்தபோது கிளை பிளந்தது. கவட்டிலிருந்து கிழிந்து, அடிமரத்தின் பட்டையையும் ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. ஊசியம்மா ஓடி வந்தபோது சேற்றில் நூற்றுக்கணக்கான காய்கள், ஒன்றுகூடப் பழுக்காதவை. ஜன்னலில் இதுவரை இல்லாத வெளிச்சம். டிரைவர் அத்தனையையும் பார்த்திருக்கிறார். தையல்காரி மதிலேறிக் குதித்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று நாள் அவர் "வேணாம்" சொல்லவில்லை. தண்ணீருக்கும் சொல்லவில்லை, மாத்திரைக்கும் சொல்லவில்லை. கொடுத்ததை விழுங்கினார். ஊசியம்மாவின் வாழ்க்கையில் அதைவிடக் கொடிய மூன்று நாட்கள் கிடையாது. பக்கவாதம் வந்தபோதுகூடச் செய்வதற்கு ஏதோ வேலை இருந்தது. நாலாம் நாள் காலையில் முகம் துடைக்கும்போது அந்தச் சொல் திரும்பி வந்தது. ஊசியம்மா ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்து அழுதார். கிளையை ரம்பத்தால் அறுத்துச் சீர்செய்த அன்று தையல்காரியிடம் சொன்னார்: "தெரியாம செஞ்சா மன்னிப்பு உண்டு. நான் தெரிஞ்சே செஞ்சேன்."

நாற்றுப்பண்ணைக்காரர் வந்து காயத்தைப் பார்த்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "பாதி மரம் போச்சும்மா. மிச்ச ரெண்டு கிளையும் ஒட்டிட்டு நிக்குது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் நாலு காய் பேருக்கு விடுங்க. பாரம் ஏத்தினீங்க, வேரோட சாஞ்சிடும்."

இப்போது ஜன்னலில் தெரிவது மதிலும் துணிக்கொடியும்தான். மீதி இரண்டு கிளைகளும் வீட்டின் மூலைக்கு அந்தப் பக்கம், கட்டிலிலிருந்து எப்படிக் கழுத்தைத் திருப்பினாலும் தெரியாது. கட்டிலை நாலு விதமாக இழுத்துப் போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. இந்த வசந்தத்தில் மரம் பூத்தபோது ஒரு கொத்தை ஒடித்துப் பாட்டிலில் வைத்துத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தார். கிளையை ஒடிப்பது அவர் அகராதியிலேயே இல்லாத காரியம். இதழ்கள் போர்வைமேல் உதிர்ந்தன. சுத்தம் என்றால் பைத்தியமான அந்த அம்மாள் இரண்டு நாள் அதைத் தட்டாமல் விட்டிருந்தார்.

காய் கோலிக்குண்டு அளவு வந்தது. அதைத் தாண்டியும் வளர்ந்தது. "இன்னும் பறிக்கலையாக்கா?" என்று தையல்காரி கேட்டாள். "காத்து அடிக்குது. நாளைக்கு." மறுநாள் ஊசி போடப் போக வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் முட்டிவலி. வலியைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவர், அன்று அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மனசுக்குள் நடந்த கணக்கு வேறு. அன்றைக்கு டிரைவர் சொன்னது நிஜமாகவே சொன்னதென்றால், இன்று பறிப்பது ஒரே தடவை ஜெயித்த அந்த மனிதரை மறுபடி தோற்கடிப்பது. வெறும் நாக்குப் பழக்கம்தான் என்றால், உள்ளே யாரும் இல்லை. எதை நம்புவது? எதை நம்பினாலும் ஊசியம்மாவுக்குத்தான் அடி. மரமோ காத்திருக்காது.

இப்படித் தள்ளிப்போட்டு எட்டாம் நாள் காலை, டிரைவருக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டுத் தகர வாளியை எடுத்துக்கொண்டு போனார். மூலை திரும்பி, ஜன்னலுக்குத் தெரியாத கிளையின் கீழ் வாளியை வைத்தார். ஒரு குச்சியைப் பிடித்து வளைத்து, முதல் காயைத் திருகிப் போட்டார். கல்போன்ற காய் தகரத்தில் விழுந்து ணங்கென்றது.

"வேணாம்."

ஊசியம்மாவின் கை கிளையிலேயே நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினும் நின்றுவிட்டது. பிறகு தோளில் கிடந்த துண்டை, சற்றுமுன் அவர் வாயைத் துடைத்த அதே துண்டை எடுத்து, நான்காக மடித்து, குனிந்து வாளிக்குள் அடிப்பக்கத்தில் ஒரு மூலை விடாமல் பரப்பினார். அடுத்த காயைத் திருகி, கையை வாளிக்குள் ஆழமாக விட்டு, ஓசை எழாமல் அதன்மேல் வைத்தார்.