சிவப்பு இலக்கம்

ஜன்னலுக்கு அளவெடுக்க வந்த, மரவேலை செய்யும் இளம் ஓடாவியின் அளவுநாடாவில் பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்ற அங்குலங்கள் மட்டும் சிவப்பாக இருந்தன. ஏன் என்று கேட்டேன்.

"வெளிநாட்டில பலகைச் சுவர் வீடுதானே அன்ரி. பதினாறு அங்குலத்துக்கு ஒரு கட்டை நடுவாங்க. அதுக்குத்தான் அடையாளம். நமக்கு அது தேவையில்ல" என்றான்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பாவும் மட்டக்களப்பில் ஓடாவிதான். கப்பலில் வேலை செய்த மாமா, அறுபதுகளில், அப்படியொரு நாடாவை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி பிறக்கும் முன்னமே அப்பா அதை வைத்து அளந்து, வேப்பம் பலகையில் தொட்டில் செய்தார். நீளம் முப்பத்திரண்டு அங்குலம்.

பிறந்த மூன்றாம் மாதம் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கம் முடிந்த அன்று அம்மா அந்த நாடாவை இழுத்துத் தொட்டிலில் வைத்துப் பார்த்தார்.

"ரத்த நிறத்தில எழுதிக் கிடக்கே. இந்த அளவில ஏன் வெட்டினீங்க?"

அந்த இலக்கம் ஏன் சிவப்பு என்று அப்பாவுக்குத் தெரியாது.

அதன் பிறகு அம்மா அவருடன் கதைக்கவேயில்லை. "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்லுவார்.

பல வருடங்கள் கழித்து அம்மா சாகக் கிடந்தபோது அப்பா கட்டிலருகே போனார். சிவப்பு இலக்கம்தான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று அதற்குள் அவரும் நம்பிவிட்டிருந்தார்.

"புள்ள, நான் தெரியாமத்தான் வெட்டிப்போட்டன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா கண்ணைத் திறக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.