வியாகுலம் அண்ணனின் மூன்று கால்கள்

வியாகுலம் அண்ணனுக்கு இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஒரு ரேடியோவின் முதுகைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் சர்க்கியூட் படத்தைக் காட்டினால் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். எப்படிப் புரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கிறார்களே, அது மாதிரித்தான் என்றார். தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். நெளிந்த கோடு என்றால் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கிற இடம். இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டும்போது நடுவில் புள்ளி இருந்தால் இரண்டு கானும் சேர்கின்றன. புள்ளி இல்லாவிட்டால் ஒன்றின் மேல் மற்றது பாலம் போட்டுப் போகிறது.

முன்பு அவர் கித்தார் வாசித்தவர். ஹட்டன் டவுனில் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் நடத்திய இசைக்குழுவில் நான்கு வருஷம் இருந்தார். தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலரில் இடது கையின் இரண்டு விரல்கள் போன பிறகு தந்தி அழுத்த முடியவில்லை. தேயிலை ஆலையான ஸ்டோரைக் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். எழுபத்தாறாம் ஆண்டு பிறந்ததும் அதையும் நிறுத்தி, ஏப்ரலிலிருந்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னார். கித்தாரின் சத்தத்தைக் கரகரவென்று உறும வைக்கிற கால்மிதிப் பெட்டி ஒன்று வெளிநாட்டுக் குழுக்களிடம் இருந்தது. வெளிச்சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். அப்படி ஒன்று செய்து தந்தால் நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் கச்சேரிகளுக்குக் கூட்டிப் போவதாகவும், பிறகு சத்தம் பார்க்கிற ஆளாகக் குழுவிலேயே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். பாட்டுக்குப் பக்கத்தில் இருக்க அண்ணனுக்கு அது ஒன்றுதான் வழி.

நான் அதே ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கர். கவிதைப் பத்திரிகை தேடித் தலவாக்கலை வாசிகசாலைக்குப் போகிறவன். அங்கே ஒரு பழைய இங்கிலீஷ் ரேடியோ சஞ்சிகையில் அந்தப் பெட்டியின் படம் இருந்தது. இரவல் வாங்கி வந்தேன். தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற மெல்லிய தாளை மேலே விரித்து அண்ணன் பென்சிலால் படி எடுத்தார். பெரிய படம் ஒரு தாளில். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று காட்டும் சின்னப் படம் தனித் துண்டில். எழுத்தும் இலக்கமும் போடுவது என் வேலை. ஆபீசில் வைத்துப் பார்த்து எழுதி, சஞ்சிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் குடியிருந்த லயத்தில் கரண்ட் இல்லை. ஈயம் ஒட்டுகிற கோலை அடுப்புத் தணலில் காய்ச்சித்தான் ஒட்டினார். செத்த ரேடியோக்களிலிருந்து சாமான் பிடுங்கினார். காலால் மிதிக்கிற சுவிட்சு பழைய லொறியில் லைட்டைத் தாழ்த்துகிற சுவிட்சு. மனைவி பவுலின் அக்கா, சோறு வேகிற அடுப்பில் கம்பி வேகிறது என்று முணுமுணுத்தபடி ஊதுகுழலால் தணலை ஊதிக் கொடுத்தார்.

மார்ச் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து, ஹட்டனில் கோயில் மண்டபத்தில் பெட்டியை மாட்டினார்கள். அண்ணனின் இடத்துக்கு வந்திருந்த அழகன்தான் வாசித்தான். சுவிட்சை மிதித்தான். சத்தம் வந்தது. ஆனால் உறுமவில்லை. பெட்டி இல்லாமல் வந்ததைவிட மெலிந்து, சளி பிடித்த தொண்டை மாதிரி வந்தது.

"என்னண்ணே, உள்ள கொசுவ அடச்சு வச்சிருக்கீங்களா?" என்றான் அழகன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, தாளை விரித்து, ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டு ஒவ்வொரு ஒட்டையும் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். படத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. பெட்டியிலும் இல்லை. மாஸ்டர் பொறுமையாகத்தான் நின்றார். கடைசியில் தோளில் கை வைத்தார்.

"விடு வியாகுலம். இது இல்லாமலே நாங்க சமாளிச்சுக்கிறோம்."

திரும்பி வரும் பஸ்ஸில், தனக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று அண்ணன் ஒருதரம் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வாசிகசாலையில் அந்தச் சஞ்சிகையை மறுபடி புரட்டினேன். டிரான்சிஸ்டரின் விளிம்பில் ஒரு சின்னப் பல் உண்டு. சஞ்சிகைப் படத்தில் அது இடது பக்கம். மடித்துப் பையில் வைத்திருந்த எங்கள் துண்டில் வலது பக்கம். அந்தத் தாள் இரு பக்கமும் ஒன்று போலவே தெரியும். நான் துண்டைக் குப்புறப் போட்டுக் கால்களுக்குப் பெயர் எழுதியிருக்கிறேன். நடுக்கால் சரி. ஓரத்துக் கால்கள் இரண்டும் இடம் மாறிவிட்டன. அண்ணன் ஒவ்வொரு கோட்டையும் சரியாகத்தான் படித்திருந்தார். என் எழுத்தை மட்டும் நம்பியிருந்தார்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். நான்காம் நாள் மலைக்குப் போனேன். இடது கையின் மீதி விரல்களைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு, வலது கையில் கவ்வாத்துக் கத்தி பிடித்திருந்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு கிளை வெட்டினார்.

"அப்ப நான் பார்த்தது சரிதானா தம்பி?"

"சரிதாண்ணே. பிழை என்னோடது."

அன்று அந்தியில் கோலைக் காய்ச்சி இரண்டு கால்களையும் மாற்றி ஒட்டினார். பத்து நிமிஷ வேலை. சுவிட்சை மிதித்தார். 'டக்' என்றது. அவ்வளவுதான் கேட்க முடியும். கித்தாரும் அம்ப்ளிஃபையரும் குழுவோடு நுவரெலியாவில் இருந்தன. சீசன் முடிந்து வந்ததும் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றேன்.

"வேணாங்க தம்பி. வாசிக்கிறவன்னா கையக் காட்டி ரெண்டாந்தரம் போய் நிக்கலாம். நான் எதக் காட்டிப் போய் நிக்கிறது?"

பெட்டியிலிருந்து பட்டரியைக் கழற்றி, ரேடியோவுக்குப் போடச் சொல்லி பவுலின் அக்காவிடம் கொடுத்தார்.

மறுநாள் ஆட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கவ்வாத்துக்குப் போகிறவர்களின் பெயர்களைக் கூப்பிட்டார்கள். அவர் பெயர் ஏழாவதாக வந்தது. "இருக்கேங்க" என்றார். முதல் நாட்களில் அவர் குரலில் இருந்த தயக்கம் அன்று இல்லை.