புரட்டாசி சனிக்கிழமையில் மாமா பார்த்த செல்

அன்றைக்கு மைக்ராஸ்கோப் மேஜையைச் சுற்றி நின்றது நாலே பேர். என் மாமனார், பத்தாவது படித்துக்கொண்டிருந்த நாத்தனார் சரசு, சயின்ஸ் டீச்சர் மெஹருன்னிசா, அப்புறம் நான். எழுபத்தொன்றாம் வருஷம், புரட்டாசி சனிக்கிழமை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அறை முழுக்க வெங்காய வாசனை...

அந்த வாசனைதான் வம்பாகிவிட்டது.

அந்த வருஷத்தோடு சரசுவின் படிப்பை நிறுத்துவதாக மாமா சொல்லியிருந்தார். "கண்ணுக்குத் தெரியாததெல்லாம் படிச்சி என்ன பண்ணப் போற?" என்றார். "கண்ணுலயே காட்டறேம்ப்பா" என்று சரசு அவரைக் கூட்டி வந்திருந்தாள். வெங்காயத் தோலை உரித்து வைத்துக் காட்டப் பள்ளிக்கூடத்திலேயே பத்து நாளாகப் பழகியிருந்தாள். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டுக்குள் வெங்காயமே நுழையாது என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

மாமா இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். "பெருமாளுக்குத் தளிகை போட்டுட்டு நேரா வர்றன். வெங்காயத்தக் குனிஞ்சி பாக்கச் சொல்றியா?"

சரசுவின் கண் கலங்கிவிட்டது.

நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் அடுப்படியில் அவள் புத்தகத்தை எடுத்து நானாகவே படித்துக்கொள்வேன். சீமையில் ஒருவர் தக்கையைச் சீவி லென்ஸில் பார்த்தாராம். சின்னச் சின்ன அறையாக இருந்ததால் செல் என்று பேர் வைத்தாராம். ரொம்பக் காலம் கழித்து, செடிகொடி எல்லாமே செல்தான் என்றார் ஒருவர். பிராணிகளும் அப்படித்தான் என்றார் இன்னொருவர். அதற்கும் அப்புறம்தான், செல் தானாக முளைக்காது, முந்தைய செல் பிரிந்துதான் வரும் என்று கண்டார்களாம்...

அது ஞாபகம் வர, துணிந்து வாயைத் திறந்தேன். "மாமா, உங்க கன்னத்துக்குள்ளயும் இருக்குதுங்க. அதையே பாக்கலாங்க."

டீச்சர் முகம் மலர்ந்தது. "வாயக் கொப்புளிச்சிட்டு வாங்கய்யா."

மூன்று தரம் கொப்புளித்தும் சிவப்பு போகவில்லை. "இன்னொரு தரங்க. இல்லன்னா வெத்தலையத்தான் பாப்பீங்க" என்றார் டீச்சர். மாமாவே சிரித்துவிட்டார்.

குச்சியால் கன்னத்தின் உட்புறம் மெல்லச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, நீல மருந்து ஒரு சொட்டு விட்டாள் சரசு. மாமா குனிந்தார்.

"கருப்பா முடியாட்டம் தெரியுது."

"அது உங்க இமைப்பா. இன்னும் கிட்ட வாங்க."

மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"இது நானா?"

"நீங்கதாம்ப்பா. நடுவுல புள்ளியோட நீலமா இருக்குதுல்ல, அது ஒரு செல்லு. அதுக்கு முந்தி இருந்த செல்லுல இருந்து வந்தது. அது, அதுக்கும் முந்தினதுல இருந்து."

"அப்போ எங்கப்பன்கிட்ட இருந்தா?"

"ஆமாங்கய்யா" என்றார் டீச்சர். "உங்கப்பா, உங்கம்மா, அவங்களுக்கும் முன்னாடி... நடுவுல அறுபடவே இல்லைங்க."

மாமா நிமிர்ந்து, லென்ஸைப் பார்த்துக் கை கூப்பினார். நானும் கும்பிட்டேன்.

திரும்பி நடக்கையில் என்னைக் கேட்டார். "ஏம்மா, நீ அடுப்படியில படிக்கிறியே, அந்தப் புஸ்தகத்துல மிச்சமும் இருக்குதா?"

"அடுத்த வருஷத்துப் புஸ்தகத்துல இருக்குதுங்க மாமா."

"அப்போ படிக்கட்டும்."

சரசு வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தாள். பிறகு அதையே வருஷக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனாள். இப்போது என் பேத்தி, செல் இரண்டாகப் பிரிவதைப் போனிலேயே காட்டுகிறாள். எத்தனை கலர், எத்தனை அழகு. நாலு தரம் வாய் கொப்புளித்துவிட்டுப் பார்க்கிற ஆள்தான் இல்லை...

அன்றைக்கு நடந்ததை எல்லாம் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நீல மருந்தின் பேர் தெரியாமல் ஓர் இடம் மட்டும் காலியாகவே கிடக்கிறது. சரசு, இதை உனக்கே அனுப்பி வைக்கிறேன்; பார்த்ததும் அந்தப் பேரை எழுதி அனுப்பு. சீக்கிரம் பதில் வேண்டும்.