அத்தான் கட்டிய சானா அறை

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சோறு போட்டது குளிர்தான். மீனும் பழமும் மருந்தும் அடுக்கும் கிடங்குகளில் குளிர் அறை கட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. வெயில் கொளுத்தும்போதும் கையில் கம்பளிக் குல்லாயோடுதான் வீட்டுக்கு வருவார். "உள்ளேயே இருந்துட்டா கெட்டுப்போகாம இருப்பீங்க அத்தான்" என்று நான் சீண்டினால், "முதல்ல உன் வாயைத்தான் உள்ள வைக்கணும்மா" என்பார். மாடியில் குடியிருக்கும் மச்சினிக்கு இவ்வளவு உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

அக்காவுக்கு மூட்டுவாதம். காலையில் விரல் மடங்காது, தோளைத் தூக்க முடியாது. வேலைக்குக் கிளம்புமுன் அத்தான்தான் அவளுடைய சட்டைப் பட்டன்களைப் போட்டுவிடுவார். அவளோ சுவரைப் பார்த்தபடி நிற்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கே மனசு தாங்காது. "அளவோட சூடு பட்டா இதமா இருக்கும்" என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை அத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்து உடம்புக்குச் சூடு ஏற்றிக்கொள்ளும் சானா அறை ஒன்றை வீட்டிலேயே கட்டுவது என்று குளியலறையை ஒட்டித் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையைக் காலி செய்தார். சுவருக்குச் சூட்டைத் தடுக்கும் பஞ்சு, அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் மெல்லிய மரப்பலகை. சூட்டில் நெடி கிளம்பும் என்று வார்னிஷைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. உட்காரும் இடத்தில் ஆணித் தலை சுட்டுவிடக் கூடாதென்று பெஞ்சின் அடியிலிருந்தே ஆணி அடித்தார். மூலையில் கல் நிரப்பிய மின் அடுப்பு. அந்த ஒன்றுக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

ஆனால் அது ஆயுசு முழுக்கக் காற்றை அடைத்தே பழகிய கை. கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் அடைத்தார். கதவைச் சுற்றிக் குளிர் அறைக்குப் போடுகிற ரப்பர் பட்டையை ஒட்டினார். இந்த அறைக்குள் காற்று வர ஒரு வழியும் போக ஒரு வழியும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த ரப்பர் சூட்டில் இளகிக் கதவை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்றும் தோன்றவில்லை.

முதல் நாள் அக்கா உள்ளே போனாள். அத்தான் புது மாப்பிள்ளை மாதிரி வெளியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் உள்ளங்கை தெரிந்தது. கதவை இழுத்தார், வரவில்லை. சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்த பிறகுதான் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. அக்கா குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அவரை நிமிர்ந்து பார்த்து, "கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என் அக்கா என்ன கிடங்குல அடுக்கற மீனா அத்தான்?" என்று கேட்டே விட்டேன். மறுநாள் பட்டன் போடப் போனவரிடம் அக்கா, "நானே போட்டுக்கறேன்" என்றாள். பாதிக் காலை அதிலேயே போனது. அவர் சமையலறையில் ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே ரப்பரைச் சுரண்டி எடுத்தார். அடுப்புக்குப் பின்னால் தரையோரம் ஒரு துளை, எதிர்ச்சுவரில் தள்ளித் திறக்கும் மூடியோடு இன்னொன்று. தாழ்ப்பாளைக் கழற்றி, உள்ளிருந்து விரலால் தள்ளினாலே திறக்கும்படி கதவை மாற்றினார். அதன்பிறகு வேலை முடிந்து வந்ததும் அடுப்பைப் போட்டுத் தானே உள்ளே உட்கார்ந்து பார்ப்பார். வெளியே வந்து பெஞ்சைத் துடைப்பார், விரிசல் விட்ட கல்லைப் பொறுக்கிப் போடுவார், அறை உலரட்டும் என்று கதவைத் திறந்து வைப்பார். அக்கா அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"யாருக்கு அத்தான் இதெல்லாம்?" என்றேன்.

"ஈரத்தோட விட்டா மரம் பூஞ்சை பிடிச்சிரும்மா" என்றார்.

மழை விடாமல் பெய்த ஒரு மாலை அக்கா தானாகவே துண்டோடு வந்தாள். "கதவு திறந்தே இருக்கட்டும்" என்றாள். அத்தான் நிலைப்படியில் ஸ்டூலைப் போட்டு, கதவு சாத்திக்கொள்ளாமல் காலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதிச் சூடு குளியலறைக்குப் போனது. கிடங்கில் ஒருவன் கதவை அரை நிமிஷம் திறந்து வைத்தால் உண்டு இல்லை என்று ஆக்குகிற மனிதர். பல நாள் இப்படியே உட்கார்ந்தார்.

ஒருநாள் நான் உலர்ந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். பெஞ்சில் கண்ணை மூடியிருந்த அக்கா, "உள்ள வாங்க. வந்து கதவைச் சாத்துங்க" என்றாள்.

அத்தான் எழுந்து உள்ளே போனார். கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"எனக்குந்தான்" என்றாள் அக்கா. "அதான் உள்ள வந்து சாத்துங்கன்னேன்."