முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே தகப்பன்

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள். பர்மியப் பெயர் வைத்தபிறகு அதுவும் போயிற்று. இந்த லட்சணத்தில், மகளுக்கு அடையாள அட்டை வேண்டுமென்றால் தலைமுறை தலைமுறையாகப் பெயர் காட்டு என்றார்கள். அட்டை இல்லாவிட்டால் பாஸ்போர்ட் இல்லை, வெளியூர் பஸ்கூட இல்லை. பதினெட்டு முடிந்த பெண், தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் இரண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். பார்த்துப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது.

லான்மடா கடைத்தெருவில் குழாய்ச் சாமான் விற்கிறவன் நான். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அலைந்தேன். கடைசியில், துறைமுகக் கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளின் பழைய தலைக்கணக்கு நகல் ஒன்று கிடைத்தது. என் தாத்தா இருந்தார்! வயது, ஊர் எல்லாம் சரி. தகப்பன் பெயர்தான் நாங்கள் மனுவில் எழுதியது இல்லை. பக்கத்தைப் புரட்டினேன். அந்த வரிசையில் முப்பத்தெட்டுப் பேருக்கும் அதே தகப்பன். சிலர் அந்தத் தகப்பனைவிட மூத்தவர்கள்.

அவர் மேஸ்திரி. கப்பலில் மூட்டை தூக்க ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர். அந்த நாளில் ஆட்களுக்கு அரிசி, துணி, வேலைச்சீட்டு எல்லாம் மேஸ்திரி பெயரில்தான் வருமாம். கணக்கெடுக்க வந்தபோது ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். இவர் வழக்கம்போல எல்லாருக்கும் தகப்பன் பெயராகத் தன் பெயரையே கொடுத்துவிட்டார். யாரோ ஒருவருடைய மத்தியானச் சோம்பலில் என் பெண் மாட்டிக்கொண்டாள்.

அடையாள அட்டை அலுவலகத்தில் இருந்த அம்மாள் தன்மையாகத்தான் பேசினார். ஏட்டில் இருப்பதுதான் செல்லும். மேஸ்திரியின் பேரன், "இவர் தாத்தாவும் என் அப்பாவும் அண்ணன் தம்பி" என்று கையெழுத்துப் போட்டால் போதுமாம். தாத்தாவைப் பெற்றவரை விட்டுக்கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பேரன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் தையற்கடை வைத்திருந்தார். காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க பதினோராவது ஆளு, தம்பி."

"ஒரே ஒரு கையெழுத்துத்தான் அண்ணே. எம்பொண்ணு வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்குறா."

"எம்பொண்ணுந்தான் கெடக்குறா."

உள்ளே போய்த் தன் காகிதத்தை எடுத்துவந்தார். மேஸ்திரிக்கு ஒரே மகன், அது தன் அப்பா. மற்ற முப்பத்தேழு பேரும் உறவில்லை என்று எழுதியிருந்தது. அந்த முப்பத்தேழு பேரின் வாரிசுகள் அதில் கையெழுத்திட வேண்டும்.

"ஒரு மனுசனுக்கு முப்பத்தெட்டு மகனான்னு எங்க ஃபைலத் தூக்கி ஓரமா வச்சிட்டாங்க. இதுல நீங்க போட்டா எங்களுக்கு ஆவும், அதுல நான் போட்டா உங்களுக்கு ஆவும். ரெண்டும் ஒரே மேசைக்குத்தானே போவுது? ஒண்ணு செல்லுனா இன்னொண்ணு செல்லாது."

அவர் காகிதம் உண்மை, என்னுடையது பொய். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பேனாவைத் தொட மனம் வரவில்லை. அவரும் தொடவில்லை.

திரும்பும்போது பஸ் பாலத்தின் மேல் நகராமல் நின்றது. மகள் போனில் கூப்பிட்டாள். பர்மிய மொழியில்தான் பேசுவாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நீங்க அவங்களுக்குப் போட்டுக் குடுத்தீங்களாப்பா?"

"இல்லம்மா."

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

வெட்கமாகப் போயிற்று. நான் அதைக் கேட்கவே இல்லை.