அருக்காணியின் கிரைண்டரும் அமெரிக்கக் கரண்டும்

விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. கிரைண்டர்தான் தகராறு.

டில்லி ஆர்.கே.புரத்துத் தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் அருக்காணி ஆட்டிய மாவில்தான் இட்லி வேகும். கோயமுத்தூர்க்காரி. சர்க்கார் டிரைவரான கணவரோடு டில்லிக்கு வந்தவள். அவர் காலமானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, முனிர்காவில் ஓர் அறை பிடித்து, கிரைண்டரைப் போட்டாள். யார் கையையும் எதிர்பார்க்காமல் ஒற்றை மகள் ரோஹிணியைப் படிக்க வைத்தாள். அந்த ரோஹிணி இப்போது நியூஜெர்சியில் இருக்கிறாள். அம்மா இனி தன்னோடுதான் என்று ஒரே பிடிவாதம்.

"இங்க மாவு பாக்கெட்லயே கிடைக்கும்மா. நீ வந்து ரெஸ்ட் எடு, அது போதும்" என்றாள் போனில்.

ரெஸ்ட் என்ற சொல்லே அருக்காணிக்கு ஆகாது. போன முறை ஆறு மாதம் அங்கே எடுத்துப் பார்த்தாயிற்று. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, வராத தபால்காரனுக்குக் காத்திருப்பவள் போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் இம்முறை கிரைண்டர் இல்லாமல் கிளம்புவதில்லை என்று இருந்தாள்.

அங்கே கரண்ட் நூற்றிப்பத்து வோல்ட்தான், நம் கிரைண்டர் ஓடாது என்று ரோஹிணி தலைபாடாக அடித்துக்கொண்டாள். அருக்காணி அசரவில்லை. டில்லியில் குடித்தனம் நடத்தியவளிடம் வோல்டேஜ் கதையா? மே மாதம் தெருவில் எல்லாரும் ஏ.சி.யைப் போட்டால் பல்பு அகல் விளக்காகிவிடும். அப்போதெல்லாம் ஸ்டெபிலைசர்தானே கரண்டைத் தூக்கி நிறுத்தி ஃப்ரிட்ஜைக் காப்பாற்றுகிறது? அவள் கணக்கில் அமெரிக்கா என்பது வருஷம் பூரா மே மாதம், அவ்வளவுதான். பெட்டியில் இருந்த புடவைகளை எடுத்துவிட்டுக் கிரைண்டரை வைத்தாள். பக்கத்தில் ஸ்டெபிலைசரையும் சொருகினாள்.

ஆனாலும் மனசு கேட்காமல் கரோல் பாகில் ஒரு எலெக்ட்ரிக் கடைக்குப் போய் விசாரித்தாள். கடைக்காரர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். ஸ்டெபிலைசர் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைத்தான் சரிக்கட்டும், பாதிக் கரண்டை முழுசாக்க வேறு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதை வைத்தாலும் மோட்டார் சூடேறாது என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் வைத்தார். அருக்காணி தூக்கிப் பார்த்தாள். கைக்குழந்தை கனம் கனத்தது. இதையும் வைத்தால் பெட்டியில் கைக்குட்டைக்குக்கூட இடமிருக்காது. வெறுங்கையோடு திரும்பினாள். மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அழுகையாக வந்தது. நான்கு பேர் பார்ப்பார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ரோஹிணி போனில் வந்தபோது கிரைண்டரைப் பற்றி அருக்காணி பேச்சே எடுக்கவில்லை. நேராகவே சொன்னாள்:

"எனக்கு ரெஸ்ட் வேண்டாங் கண்ணு. அங்க வந்து நான் என்ன வேலை செய்யறதுன்னு சொல்லு. இல்லீன்னா நான் வரலை."

ரோஹிணிக்குப் போன முறை நினைவுக்கு வந்தது. ஜன்னலோரம் கிடந்த அம்மாவைத் தினமும் வேலையிலிருந்து வந்ததும் பார்த்தவள்தானே. அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை, இப்போது உறைத்தது.

"அச்சா, சரி" என்றாள். "நூத்திப்பத்துல ஓடற கிரைண்டர் இங்கயே கிடைக்குதும்மா. எங்க பில்டிங்ல மட்டும் நம்ம ஆளுங்க ஏழெட்டு வீடு இருக்கோம். எல்லாரும் அந்த பாக்கெட் மாவைத் தின்னு நொந்துபோயிருக்கோம்."

அருக்காணி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெட்டியிலிருந்து கிரைண்டரை வெளியே எடுத்து வைத்தாள்.

"அவீங்களுக்கெல்லாம் இட்லிக்கா, தோசைக்கா? கேட்டு வை."