மெர்சியும் நெவர்தலெஸும்

மெர்சி போய்விட்டாள் என்று அவள் மகள் ஃபோனில் சொன்னபோது நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மறுநாள் தாம்பரத்தில் நடந்த நல்லடக்கத்துக்குப் போனேன். பேசியவர்கள் எல்லாரும் சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர், யார் சொன்னாலும் கேட்டுக்கொள்பவர் என்றே சொன்னார்கள். கேட்டுக்கொள்வாள், உண்மைதான். கேட்ட பிறகு என்ன செய்வாள் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவள் கிழக்குத் தாம்பரம், வாத்தியார் மகள். நான் சேலையூரில் நெல் விளைந்த காலத்து விவசாயி மகள். காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் தினம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை படிப்போம். அவள் கைப்பையில் சின்ன அகராதி ஒன்று இருக்கும். காலையில் படித்ததைச் சாயங்காலத்துக்குள் ஆபீசில் யாரிடமாவது பயன்படுத்திவிட வேண்டும், திரும்பும் ரயிலில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். இது அவள் போட்ட சட்டம். “வாக்கியத்துல அமைக்கிறதெல்லாம் பரீட்சைக்கு. மனுஷங்ககிட்ட சொல்லிப் பார்த்தாதாண்டி அது நம்ம வார்த்தை” என்பாள். நான் ஹெட்கிளார்க்கிடம் போய் உங்கள் டை ரொம்ப சம்ப்சுவஸாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அது விருந்துச் சாப்பாட்டுக்குச் சொல்கிற வார்த்தையாம். அந்த மனுஷன் பிறகு டையே கட்டவில்லை.

ஒருநாள் வந்த வார்த்தை நெவர்தலெஸ். அகராதியில் ‘இருந்தபோதிலும்’ என்று போட்டிருந்தது. போடி, இது ‘பட்’டுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டது, அவ்வளவுதான் என்றேன். மெர்சி விடவில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் போய்க்கொண்டிருந்தன, அவள் வாதாடிக்கொண்டே வந்தாள். “‘பட்’டுன்னா அடுத்தவன் பேசுறப்பவே குறுக்க வுழலாம். இதுக்கு முதல்ல அவன் சொல்றதை முழுசா கேக்கணும். நீ சொன்னதெல்லாம் இருக்கட்டும்பா, நான் நகரமாட்டேன்னு அர்த்தம்” என்றாள். அன்று அதைப் பயன்படுத்த அவளுக்குத் தோதான ஆள் கிடைக்கவில்லை. அவசரமில்லை, வைத்திருக்கிறேன் என்றாள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. டைப்பிஸ்ட் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பத்திரிகையோடு மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். அவர் வாழ்த்துச் சொல்லி வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுப்பார். பிறகு நோட்டை எடும்மா என்பார். அவளுடைய ராஜினாமாவை அவர் சொல்லச் சொல்ல அவளே சுருக்கெழுத்தில் எடுத்து, அவளே டைப் அடித்து, அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் போன பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்ததைப் பார்த்திருக்கிறேன். அநியாயம் என்று ஒருத்தர் சொல்ல வேண்டுமே.

மெர்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலையை விட அவளுக்கு மனசில்லை. வீட்டில் கஷ்டம் என்று அழுதிருந்தால் மேனேஜர் ஒருவேளை இரங்கியிருப்பார். அவள் அழவில்லை. வேலை அவளுடையது, எதற்குக் கெஞ்ச வேண்டும்? குங்குமச்சிமிழை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள், சர்ச்சில் கல்யாணம் செய்துகொள்கிறவளுக்கு அது எதற்கென்று அவர் யோசிக்கவில்லை. நோட்டை எடுத்தாள். பெண்ணுக்குக் குடும்பமே முதல் கடமை, கல்யாணமானவளால் ஆபீசில் கவனம் செலுத்த முடியாது, கம்பெனியின் நெடுநாள் வழக்கமும் இதுதான், ஆகையால் விலகிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் தலையாட்டிக்கொண்டே எழுதினாள்.

டைப் அடித்துக் கொண்டுவந்ததில் அவர் சொன்ன காரணம் ஒன்றுவிடாமல் இருந்தது. ‘ஆகையால்’ வர வேண்டிய இடத்தில் நெவர்தலெஸ் என்று அடித்து, கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை காலை வேலைக்கு வருவேன் என்று முடித்திருந்தாள். இதை நான் சொல்லவில்லையே என்றார் அவர். “நீங்க சொன்ன காரணமெல்லாம் இருக்கு சார். முடிவு மட்டும் என்னோடது” என்றாள். சாயங்கால ரயிலில் இந்தக் கதையை என்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை வந்தாள். மேசை இருந்தது, மிஷின் இருந்தது, நாற்காலியைத் தூக்கியிருந்தார்கள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. மிஷின் உறையைக் கழற்றிவிட்டு நின்றபடியே அடித்தாள். சாயங்காலம் பார்த்தால் கால் வீங்கியிருந்தது. மறுநாளும் நின்றாள். எனக்கு உட்காரப் பொறுக்கவில்லை. என் நாற்காலியைத் தள்ளிவிட்டு நானும் நின்றேன். அடுத்து மற்ற பெண்களும் எழுந்தார்கள். நின்றுகொண்டு அடித்தால் மணிக்கட்டு நிற்காது, வரிக்கு வரி தப்பு வரும். கடிதங்கள் எல்லாம் திரும்பத் திரும்ப அடிக்க வந்தன, தபால் தவறியது. வாரக் கடைசியில் பியூன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். “குந்துமா. இன்னான்னு என்னைக் கேக்காத, எடுத்தாந்து போடச் சொன்னாரு, போட்டேன்” என்றான்.

வழக்கம் ஒழிந்தது என்று கம்பெனி ஒருநாளும் அறிவிக்கவில்லை. அடுத்த வருஷம் என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். மேனேஜர் வாழ்த்தினார். நோட்டை எடு என்று சொல்லவில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் என் கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள். என்னை எந்த அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து என் எதிரிலேயே பேசினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். காரியம் முடிந்ததும் காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போனேன், ரிட்டயர் ஆகும்வரை போனேன். யார் வீட்டு அடுப்பங்கரையிலும் போய் நிற்கவில்லை. மெர்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். என் பெண்கள் தின்று வளர்ந்த சோறு, கால் வீங்க நின்று அவள் சம்பாதித்துக் கொடுத்தது.